பிட்டு எத்தனை?

மலாக்காவிலிருந்து செலண்டார் போகும் சாலையில் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் முனியாயிக்கு வருவது என்னவென்று அவளைத் தவிர எல்லாரும் பார்த்திருந்தார்கள். வரும்போது அவள் அங்கே இருப்பதில்லை. ரப்பர் மரத்தடியில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த நொடி ஈரச் சருகின் மேல் மல்லாந்து கிடப்பாள். நாக்கில் ரத்தம் கரிக்கும். தலைக்கு மேலே முகங்கள் நிற்கும். நடுவில் இருந்த நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ரொம்ப நேரம் உதைத்துக்கொண்டாய் என்பாள் ஒருத்தி. கண்மூடித் திறப்பதற்குள் அடங்கிவிட்டது என்பாள் மற்றொருத்தி. வேலைக்குக் கள்ளம் போடுகிறாள் என்பார் கந்தசாமிக் கங்காணி. எதை நம்புவது என்று முனியாயிக்குத் தெரியாது. தன் கதையை ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பிழைப்பு அவளுடையது.

துறையூர்ப் பக்கம் பிறந்தவள். வயசுக்கு வந்த வருஷம் அது தொடங்கியது. பெயரைச் சொன்னால் சொன்னவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் காக்காய் வலிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். 'அது வந்துச்சு', 'அது போயிருச்சு.' தாயும் தகப்பனும் இல்லாத பெண். கடல் தாண்டி ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் கட்ட வந்த கங்காணியிடம் சித்தப்பன், "மாடு மாதிரி உழைப்பா" என்று சொல்லிக் கப்பலேற்றிவிட்டார். 'அதை'ப் பற்றி மூச்சுவிடவில்லை.

மலாக்கா மண்ணை மிதித்த இரண்டாம் வருஷம் மருதமுத்து பெண் கேட்டு வந்தான். லாரியிலிருந்து விழுந்து இடது கால் வளைந்துபோனவன். அவன் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விழுந்தாள். கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவன் மட்டும் நின்றான். "அவனும் ஓடியிருப்பான், காலு வரல" என்று கூலிக்காரர் லயத்தில் ரொம்ப நாள் கேலி பேசினார்கள். மருதமுத்து அதற்குக் கோபப்பட்டதில்லை. "ஆமா, ஓடாத ஆளு வேணும்னுதான் அவளும் என்னைக் கட்டுனா" என்பான்.

அது வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும். வீட்டில் என்றால் சாவிக்கொத்து. கித்தாக் காட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, சாவிக்கு எங்கே போவது? பக்கத்து நிரையில், அடுத்த மர வரிசையில், பாலுக்காக மரம் வெட்டுகிற காளியம்மா ஒருநாள் பதற்றத்தில் பால் வெட்டும் உளியை எடுத்து முனியாயியின் கைக்குள் திணித்துவிட்டாள். அதுவும் இரும்புதானே! முறுக்கிய கை உளியையும் சேர்த்து முறுக்கிற்று. உள்ளங்கையில் குறுக்கே ஆழமாக வெட்டு. முனியாயி கண் விழித்தபோது தன் கை ஏன் எரிகிறது என்று புரியவில்லை. காளியம்மா ஏன் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள் என்றும் புரியவில்லை.

"ஒனக்கு நல்லதுன்னுதாண்டி நெனச்சேன், பாவி நானு!"

அன்றிலிருந்து காளியம்மா வேறு வழக்கம் வைத்துக்கொண்டாள். முனியாயி விழுந்தால் ஓடிப்போய் முதலில் அவள் உளியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்வாள். மற்றதெல்லாம் பிறகு. தன் நிரையில் வெட்டிக்கொண்டே ஒரு கண்ணை எப்போதும் இந்தப் பக்கம் வைத்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செலண்டார் பாசாரில் அது வந்தது. விழித்தபோது கீரை விற்கிற மலாய்க் கிழவி ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "சாவான்! சாவான்!" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முனியாயி எழுந்து உட்கார்ந்து மருதமுத்துவைத் தேடினாள். 'சாவாள்' என்றிருந்தால்கூட அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். சாவான் என்றால் ஆம்பிளை. அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஆம்பிளை ஒருத்தன்தான், அவனும் காலை இழுத்துக்கொண்டு புகையிலைக் கடைக்குப் போயிருந்தான்.

அதன் பிறகு அவள் மருதமுத்துவைக் கிணற்றடிக்கு விடவில்லை. லாரி ஏறவிடவில்லை. சோற்றைத் தான் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் போட்டாள். என்ன புள்ள, என்ன புள்ள என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் கடைசியில் அவளை டிரசர் பாலகிருஷ்ணனிடம் கூட்டிக்கொண்டு போனான். பாலகிருஷ்ணன் சைக்கிளில் மூன்று தோட்டத்துக்கு மருந்து சுமக்கிற ஆள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, மலாய்ல வலிப்புக்கே சாவான்னுதாம்மா பேரு! கெழவி ஒன் சீக்கச் சொல்லியிருக்கா. ஒன் புருஷன் தலையெழுத்தச் சொல்லல!"

முனியாயிக்குப் பாதி நிம்மதி. பாதிக் குழப்பம் மிச்சமிருந்தது. "அப்ப, மலாய்க்காரவுங்க செத்தா என்னன்னு சொல்லுவாங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரே சொல் இந்தக் கரையில் ஒன்றாகவும் அந்தக் கரையில் ஒன்றாகவும் இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பால்காட்டில் பாதிக்குப் பாதி மரத்தை வெட்டாமல் போட்டார்கள். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டணத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாளில், காலையில் ஆளெண்ணிப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லார் உயிரும் இரண்டு ஆங்கிலச் சொல்லில் தொங்கிற்று. டிரசர் நாக்கை நீட்டச் சொல்லுவார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார். "பிட்டு" என்றால் வேலைக்குப் போகலாம். "அன்பிட்டு" என்றால் ஒதுங்கி நிற்க வேண்டும். அடிக்கடி ஒதுங்கி நின்றவர்கள்தான் முதல் கப்பலில் போனார்கள்.

"பிட்டுக்கு மண் சுமந்த சாமிக்கே பிரம்படி விழுந்துச்சு. நமக்கு அன்பிட்டு விழாம இருந்தாப் போதும்" என்பான் மருதமுத்து.

அவனுக்கென்ன, வளைந்த காலோடு ஸ்டோரில் உட்கார்ந்து பால் கட்டி உருட்டுகிற வேலை. அவன் பிட்டு. அவள்தான் எந்த நிமிஷம் அன்பிட்டு ஆவாள் என்று தெரியாது. அவளை மட்டும் அனுப்பிவிடுவார்களா? அனுப்பினால் எங்கே போய் இறங்குவாள்? சித்தப்பன் வாசலிலா? மருதமுத்து கூட வருவேன் என்றான். வந்து அந்தக் காலோடு யாருடைய வயலில் ஏர் பிடிப்பான்? யோசித்தால் தலை சுற்றியது. தலை சுற்றினால் அது வந்துவிடுமோ என்று யோசிக்கவும் பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் துரை வந்தார். மாசம் இரண்டு தடவை மலாக்காவிலிருந்து காரில் வருகிறவர். வலிப்புக்காரர்கள் எங்கெங்கே என்று டிரசரிடம் விசாரித்துப் பக்கத்துத் தோட்டங்களில் கொஞ்சம் பேரைப் பொறுக்கி எடுத்தார். அதில் முனியாயியும் ஒருத்தி.

"ஜெர்மன்காரன் கண்டுபிடிச்ச மாத்திரைம்மா" என்றார் பாலகிருஷ்ணன். "நான் முன்னால குடுத்தேனே உப்பு மருந்து, மூஞ்சியெல்லாம் பரு போட்டுச்சே, அது இல்ல. இது வேற. சீமையில குடுத்து நல்லாயிருக்காம். நம்ம ஆளுக்கு, இந்த வெயிலுக்கு, இந்த வேலைக்கு எவ்வளவு குடுத்தா நிக்கும்னு துரை பாக்கறாரு. பாத்து எழுதி சீமைக்கு அனுப்புவாரு. நாளைக்கு எங்கேயோ ஒருத்தி விழாம இருப்பா, ஒன்னாலதான்."

எங்கேயோ ஒருத்தி என்றது முனியாயிக்குப் பிடித்திருந்தது. அவள் எப்படி இருப்பாள், எந்த ஊர்க்காரி என்று நினைத்துப் பார்த்தாள்.

ஆரம்பத்தில் பாலகிருஷ்ணன்தான் துரைக்குத் தமிழ் மாற்றிச் சொன்னார். அடுத்த தோட்டத்தில் ஒரு கிழவன் துரை கேட்ட கேள்விக்கு வெற்றிலை போட்டுத் துப்பி, தன் பிறந்த கதையிலிருந்து நீட்டி முழக்கிச் சொன்னானாம். டிரசர் அத்தனையும் கேட்டுவிட்டு, "இல்லை என்கிறான், சார்" என்று முடித்துவிட்டார். துரைக்கு மூக்கு சிவந்துவிட்டது. இனிமேல் நோயாளியின் வாயாலேயே கேட்பேன், நடுவில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தமிழில் ஒரு சொல் கற்றுக்கொண்டார்: எத்தனை. மற்றச் சொல்லைக் கற்க வேண்டியதில்லை என்று நினைத்தார். வலிப்புக்கு அவர் பாஷையில் ஃபிட் என்று பெயர். அந்தச் சொல்தான் தோட்டமெங்கும் எல்லார் வாயிலும் இருக்கிறதே!

இப்படியாக ஆஸ்பத்திரிக் கொட்டகையில், கையில் பேனாவோடு, சிரித்த முகமாக, முனியாயியைப் பார்த்துத் துரை கேட்டார்:

"பிட்டு எத்தனை?"

டிரசர் உள்ளே புட்டி கழுவிக்கொண்டிருந்தார். முனியாயி நிமிர்ந்து நின்றாள். எத்தனை நாள் பிட்டாக வேலைக்குப் போனாய் என்று துரை கேட்கிறார். அந்த மாத்திரை தின்னத் தொடங்கியதிலிருந்து ஒருநாள் தவறாமல் போயிருக்கிறாள். இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். மடக்கி மறுபடியும் விரித்தாள். பெருமையில் பல்லெல்லாம் தெரிந்தது.

துரையின் முகம் சுருங்கிற்று. ஏதோ எழுதினார். மாத்திரையைக் கூட்டினார்.

உண்மை என்னவென்றால், அந்த நாட்களில் முனியாயிக்கு நேரம் ஓட்டையில்லாமல் வந்துகொண்டிருந்தது. காலையில் பெரட்டு, பிறகு மரம், பால், ஸ்டோர், சோறு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, எதுவும் விட்டுப்போகாமல். ஒரே ஒரு மழைநாள் மட்டும் கால்வாய் ஓரத்தில் விழுந்து கிடந்தாள். காளியம்மா தூக்கி உட்காரவைத்து, "பாசி வழுக்கிருச்சு புள்ள, பாத்து நடக்கக் கூடாதா?" என்றாள். முனியாயி தன் உளியைத் தேடினாள். அது காளியம்மாவின் இடுப்பில், அவள் உளியோடு சேர்ந்து செருகியிருந்தது. "தண்ணியில போயிரப்போவுதுன்னு எடுத்து வச்சேன்" என்றாள் காளியம்மா. சரிதான் என்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த தடவை துரை கேட்டார். அவள் பத்து விரலையும் காட்டினாள். அவர் இன்னும் கூட்டினார். அதற்கடுத்த தடவையும் அப்படியே.

மாத்திரை ஏறஏற உலகம் பஞ்சுக்குள் போய்விட்டது. பெரட்டில் நின்றுகொண்டே தூங்கினாள். பேர் கூப்பிட்டால், தன் பேர்தானா என்று யோசித்தாள். வெட்டிய மரத்தை மறுபடி வெட்டினாள், வெட்டாத மரத்தைத் தாண்டிப் போனாள். ஒருநாள் உளி பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் இறங்கி மரத்தில் காயம் போட்டுவிட்டது.

"மரத்துக்குக் காயம் போட்டா தொர என் தோல உரிப்பாரு!" என்று குதித்தார் கந்தசாமிக் கங்காணி. "கள்ளு கிள்ளு குடிக்கிறியா?"

"மருந்துங்க, கங்காணியாரே."

"சீக்குக்கு மருந்தா, மருந்துக்குச் சீக்கா?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச்சொல்ல மருந்து ஏன் கூடுகிறது? நல்லா இருக்கிற ஆளுக்குத்தான் கூடக் கொடுப்பார்கள் போலிருக்கிறது, நல்லா வேலை செய்கிற மாட்டுக்குப் பிண்ணாக்கு மாதிரி என்று மருதமுத்துவிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "வெள்ளக்காரன் கணக்கு நமக்கு எங்க தெரியும்?"

கப்பலுக்கு அடுத்த ஆள் பொறுக்குகிற காலை வந்தது. பெரட்டுக்களத்தில் மேனேஜர் துரையோடு டாக்டர் துரையும் நின்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. டிரசரிடம் மெல்லப் பேசினார். பாலகிருஷ்ணன் முனியாயி பக்கம் வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மாத்திரை கேக்கலையாம்மா. ஒனக்கு அன்பிட்டு போட்டுட்டாரு. கப்பல்தான்."

மருதமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்து முன்னே வந்தான். முனியாயிக்குப் பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பொத்துக்கொண்டு வந்தது.

"அதெப்படிங்க? தொர கேட்டப்பல்லாம் பிட்டு பிட்டுன்னுதான சொன்னேன்! பத்து வெரலும் காட்டுனேனே! ஒரு நாள் நிக்காமப் போனேனே! அதுக்கா அன்பிட்டு?"

பாலகிருஷ்ணன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "துரை ஒங்கிட்ட என்னன்னு கேட்டாரு?"

"பிட்டு எத்தனைன்னு."

டிரசர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு துரையிடம் போய் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். துரை முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு முனியாயியைப் பார்த்தார். அவள் இன்னும் பத்து விரலையும் விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். துரைக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பாதியிலேயே அது செத்துப்போயிற்று. பெரட்டு மணி தொங்குகிற மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றத் தோட்டத்துக்காரர்களும் பிட்டு என்றுதானே சொன்னார்கள்? அவர்கள் எதை நினைத்துச் சொன்னார்கள்? முட்டி வீங்கி வேலைக்குப் போகாத ஒருத்தன் அன்பிட்டு என்றானாம். அதை ஒன் ஃபிட் என்று கேட்டு ஒரு வலிப்பு எழுதியிருந்தாராம் துரை. இத்தனை மாசமாகச் சேர்த்ததில் எது நெல், எது பதர் என்று இனி யார் புடைப்பது?

"நெசமா, கடைசியா ஒனக்கு வலிப்பு எப்ப வந்துச்சு? அதச் சொல்லு" என்றார் டிரசர்.

பெரட்டுக்களமே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை வெளிச்சத்தில், இத்தனை பேர் முன்னால், அவளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்றாள் முனியாயி. "வந்தா நான் அங்க இருக்க மாட்டேனே."

டிரசர் இதை மாற்றிச் சொன்னபோது துரை சட்டென்று நிமிர்ந்தார். இத்தனை நாளும் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். இவள் விழுந்தால் பார்க்கிறவர்கள் யார் என்று கேட்டார்.

காளியம்மாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். காளியம்மா கங்காணியைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், முனியாயியைப் பார்க்கவில்லை.

"பொய் சொன்னா மருந்து தப்பாப் போயிரும்" என்றார் டிரசர். "நெசம் சொன்னா..."

"நெசம் சொன்னா கப்பல்" என்றாள் காளியம்மா.

"மாத்திரை கூடிக் கூடி இப்படியே போனா அவ ஒருநாள் எந்திரிக்கவே மாட்டாம்மா."

காளியம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினாள்.

"ஒண்ணு வந்துச்சுங்க. ஒண்ணேதான். மழையன்னிக்கு. வழுக்கிருச்சுன்னு நாந்தான் சொன்னேன்."

முனியாயி அவளையே பார்த்தாள். பாசி. கால்வாய். இடுப்பில் இரண்டு உளி. பொய் சொன்னவளைத் திட்டுவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஓட்டையே இல்லை என்று அவள் நினைத்திருந்த நாட்களில் ஒன்று பொத்துக்கொண்டது. இன்னும் எத்தனை அப்படி இருக்குமோ!

துரைகள் இருவரும் ஒதுங்கி நின்று பேசினார்கள். மேனேஜர் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், போய்விட்டார். பாலகிருஷ்ணன் திரும்பி வந்தார்.

"மாத்திரையைப் பழையபடி கொறைக்கணுமாம், கொஞ்சங் கொஞ்சமா. திடீர்னு நிறுத்தக் கூடாதாம். எல்லாத் தோட்டத்துலயும் மொதல்லேருந்து ஆரம்பிக்கிறாரு. இவள அனுப்பிட்டா எனக்குக் கையில ஒண்ணுமில்லன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டாரு. அதனால முனியாயி, நீ பிட்டும் இல்ல, அன்பிட்டும் இல்ல. தொரைக்குத் தெரியற வரைக்கும் கப்பல் இல்ல."

"என்னங்க தெரியணும்?"

"மருந்து கேக்குதா இல்லையான்னு."

மருதமுத்து மெல்ல அவள் காதில் சொன்னான்: "தெரியாமயே இருக்கட்டும்னு மாரியாத்தாவுக்கு வேண்டிக்க, புள்ள."

வேண்டிக்கொள்வதா? எங்கேயோ ஒருத்தி விழாமல் இருக்க வேண்டுமானால் துரைக்குத் தெரிய வேண்டும். துரைக்குத் தெரிந்துவிட்டால் தன் கதி என்னவோ. மாரியாத்தா முன்னால் கும்பிட்டு நின்றவள் எதைக் கேட்பது என்று தெரியாமல் சூடத்தை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பஞ்சு மெல்ல விலகிற்று. மறுபடி மரம் மரமாக, பால் பாலாகத் தெரிந்தது. துரை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு வருகிற நாளும் வந்தது. இந்தத் தடவை அவர் இரண்டாவதாக ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நாக்கு முழுதும் வளையவில்லை. கேள்வியும் முனியாயியிடம் இல்லை. அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுக் காளியம்மாவைக் கேட்டார்:

"வளிப்பு எத்தனை?"

காளியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முனியாயிக்கு அந்தக் கைகள் தெரிந்தன. அவை மூடியிருந்தன. இந்த மாசத்தைத் தொடக்கத்திலிருந்து மனசுக்குள் நடந்து பார்த்தாள். ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. போன தடவையும் தெரியவில்லைதான்.

காளியம்மா வலது கையை முன்னால் கொண்டுவந்தாள். ஒரு விரலும் நீளவில்லை. உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.

"இல்லீங்க."

துரை எழுதினார். நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முனியாயி காளியம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே ஒரு உளிதான் இருந்தது. தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். தன்னுடையது தன்னிடம் இருந்தது. இன்றைக்கு இருக்கிறது. நேற்று இருந்ததா, போன வாரம் இருந்ததா என்று அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். வெளியே, வேலைக்குக் கடைசி மணி அடித்துவிட்டது என்று கங்காணி கத்தினார்.